கியர் ஆயில் மோர் போல வருகிறது: விரிசலா?

தேவனாம்பட்டினத்தான்:
அப்பா காலத்து இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின், ஃபைபர் படகில் ஓடுகிறது. பத்து நாளாகக் கியர் ஆயில் மோர் போல வெளுத்து வருகிறது. கியர் பெட்டியில் மயிரிழை போல ஒரு கோடு வேறு. புதுப் பெட்டிக்கு வசதியில்லை.

முதுநகர் மெக்கானிக்:
தம்பி, முதலில் விசிறியைக் கழற்றுங்கள். தண்டில் நைலான் நரம்பு சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் அறுந்திருக்கும்; தண்ணீர் கலந்தால்தான் ஆயில் இப்படி வெளுக்கும். பிறகு ஆயிலை வடித்துவிட்டு, கோட்டின் மேல் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, பெட்டிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். விரிசல் என்றால் அந்த இடத்தில் சாக்பீஸ் ஈரமாகும்.

வீராம்பட்டினம்:
விரிசலாக இருந்தால் பசை அப்பி ஏமாறாதீர்கள், நான் ஏமாந்தேன். சீல்களைக் கழற்றி, உப்புப் போகக் கழுவி, விரிசலின் முனைகளில் சிறு துளையிட்டு ஆர்கான் வெல்டிங் வையுங்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
அண்ணே, ஒரு முழம் நரம்பு வந்தது! நம் வலையின் நரம்பேதான். சாக்பீஸ் காய்ந்தே இருக்கிறது; அது வெறும் கீறல். ஆயில் சீலையும், ஆயில் வடிக்கும் திருகின் வாஷரையும் மாற்றிவிட்டேன்.

முதுநகர் மெக்கானிக்:
மண்ணெண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றுங்கள், மேல்துளையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும்.