இடது விலாவுக்குக் கீழே வலி: மண்ணீரலில் ரத்த அடைப்பு வந்தவர்கள் எழுதுங்கள்

அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. நாடித் துடிப்பும் சீராக இருக்காது. ரத்தம் உறையாமலிருக்க ஆசிட்ரோம் சாப்பிட்டு வந்தார். பல் பிடுங்குவதற்காக நிறுத்திய மாத்திரையை மறுபடி தொடங்கவில்லை.

ஒருநாள் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, இடது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை அழுத்திக்கொண்டார். "மூச்சு இழுத்தா குத்துதுடி, தோள்பட்டை வரைக்கும் ஏறுது" என்றார். பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் இந்த வலிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஜெலுசிலுக்கும் துளி அசையவில்லை.

விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "வால்வு பேஷன்ட், ஆசிட்ரோம் நின்னுபோச்சு" என்று வாசலிலேயே சொன்னேன். அந்த ஒரு வரிதான் வேலையை வேகமாக்கியது. அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை (ஆரம்பத்தில் இப்படித் தவறவிடுவதுண்டாம்). மருந்து ஏற்றி எடுத்த சிடி ஸ்கேனில் மண்ணீரல் ஓரமாக ஆப்பு வடிவத்தில் ஒரு கறுப்புப் பகுதி. இதயத்தில் உறைந்த ரத்தத் துணுக்கு, மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் கிளையை அடைத்திருந்தது. அதுவே மூளைக்குப் போயிருந்தால் பக்கவாதம்.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. வலிக்கு மருந்து, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி, அப்புறம் பழையபடி ஆசிட்ரோம். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அளவு) 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றார்கள். வால்வில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று எக்கோவும் (இதய ஸ்கேன்) ரத்தக் கல்ச்சரும் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பார்த்தார்கள். ஆசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் ப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகளைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது, ரத்தக்கசிவு வரும். வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னது: காய்ச்சல் விடாமல் அடித்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், திடீரென வலி கூடி, வியர்த்து மயக்கம் வந்தால் மண்ணீரல் வெடித்து ரத்தம் கசியலாம். இரண்டுக்கும் உடனே ஓடி வரணும்.

மறுமொழி 1

நான் கூடலூர் பக்கம் நர்ஸ். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் (பரம்பரையாக வரும் ரத்த அணுக் கோளாறு) இருப்பது 1952-லேயே பதிவானது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவர்களுக்குச் சாதாரணமாக ஒரு தொந்தரவும் இருக்காது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அப்படித்தான் இருந்தான், அவனுக்கே தெரியாது. வேலைக்காக லடாக்கில் இருக்கும் லே ஊருக்குப் போனான், சுமார் 3,500 மீட்டர் உயரம். போனதுமே இடது பக்கம் தாங்க முடியாத வலி, வாந்தி. மலை ஏறியதால் வரும் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆக்சிஜன் குறைந்ததால் ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து மண்ணீரலை அடைத்திருந்தன. கீழே இறக்கி, ஆக்சிஜனும் டிரிப்ஸும் கொடுத்ததில் தேறினான். குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் இருந்தால், மலை உச்சிக்குக் கிளம்பும் முன்னே அரிவாள் செல் இருக்கிறதா என்று காட்டும் ஹெச்பிஎல்சி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், தம்பி தங்கைகளே.

மறுமொழி 2

என் சித்தப்பாவுக்கு சிஎம்எல் ரத்தப் புற்றுநோய். மண்ணீரல் தொப்புள் வரை வீங்கியிருந்தது, அதில் ஒரு பகுதி செத்துப்போய் இதே வலி. அந்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரை தொடங்கியதும் வீக்கம் வடிந்தது, வலியும் போச்சு. யாருக்காவது மண்ணீரலையே எடுக்க வேண்டி வந்தால், நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் (Hib) என்ற மூன்று கிருமித் தடுப்பூசிகளை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.