முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: வருமான வரம்பு இனியும் தேவையா?

வைகைக்கரை:
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்த வரம்பை உயர்த்தியதுதான் இது. ஆயினும் மாதக் கணக்கில் பத்தாயிரம்தான். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு அதைத் தாண்டிவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டினர் தனியார் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டவும் முடியாமல், அரசு அட்டையும் கிடைக்காமல் நிற்கின்றனர். 70 வயது நிரம்பிய எவருக்கும் வருமானம் பாராமல் மத்திய அரசு 2024 அக்டோபரில் காப்பீட்டை விரிவாக்கியிருக்கிறது. அவ்வாறே இங்கும் குடும்ப அட்டை வைத்திருக்கும் அனைவரையும் சேர்க்கலாமா, அல்லது அது ஏழைகளுக்கான பணத்தைப் பிறருக்குப் பங்கு போடுவதாகிவிடுமா?

ஓய்வுபெற்ற எழுத்தர்:
வரம்பை நீக்க வேண்டும் என்பதே என் கருத்து. கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றைக் கொண்டுதான் தகுதி முடிவாகிறது. சம்பளச் சீட்டு உள்ள தொழிற்சாலைப் பணியாளரின் வருமானம் பைசா சுத்தமாகத் தெரிந்துவிடும். கடையும் நிலமும் உள்ளவரின் வருமானமோ அவர் சொல்வதுதான். 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் அளித்தது. இன்று ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. தொகை இவ்வளவு வளர்ந்தும் வாசல் மட்டும் குறுகலாகவே இருக்கிறது.

தாமிரபரணி:
ஐயா, உள்ளே போனவர்களின் அனுபவத்தையும் கேளுங்கள். என் தந்தையின் இதய அடைப்புக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் முன் அனுமதி கிடைத்த பிறகும், அட்டையில் வராத பரிசோதனைகள் என்று சொல்லித் தனியாகப் பணம் வாங்கினார்கள். நோயாளி படுக்கையில் கிடக்கும்போது யார்தான் வாதாடுவார்கள்? அதோடு, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் கடையில் வாங்கும் மாத்திரைச் செலவு இத்திட்டத்தில் சேராது. எங்கள் வீட்டில் அறுவைச் சிகிச்சையைவிட அந்தச் செலவுதான் கடனில் தள்ளியது. ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவதைக் காட்டிலும் இந்தக் குறைகளைச் சரிசெய்வதே முதலில் ஆக வேண்டியது.

அரசு மருத்துவமனைச் செவிலியர்:
இருவர் சொல்வதும் நடப்புதான். பலருக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அரசு மருத்துவமனையில் செய்யும் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை வருகிறது, அது மருத்துவமனையின் தேவைகளுக்குப் பயன்படுகிறது. ஆகவேதான் நாங்கள் அட்டையைக் கேட்டு வாங்குகிறோம். வரம்பை நீக்கும்போது புதிதாகச் சேர்பவர்கள் தனியாரிடமே போவார்களானால், பணமும் அங்கேதான் போகும். என் அச்சம் அது ஒன்றே. மற்றபடி வருமானம் பாராத உதவி இங்கே புதிதல்ல: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரிடம் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை, வெளிமாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

வைகைக்கரை:
நன்றி, சகோதரி. அப்படியானால், வரம்பைத் தாண்டிய குடும்பங்களை முதற்கட்டமாக அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டும் காப்பீட்டில் சேர்த்தால் தங்கள் அச்சம் தீருமா?

அரசு மருத்துவமனைச் செவிலியர்:
பெருமளவு தீரும். ஆனால் படுக்கைகளையும் எங்களைப் போன்ற பணியாளர்களையும் கூட்டாமல் அதைச் செய்தால், இரவுப் பணியில் இருப்பவரைத்தான் எல்லோரும் ஏசுவார்கள்.