‘ஷட்டர் ஐலண்ட்’: டெடி நோயாளியோ, மாட்டுப்பட்டவனோ?

காலிவீதி: வெள்ளவத்தையிலை கொட்டின மழைக்கு வெளியிலை இறங்கேலாமல் 2010இலை வந்த ‘ஷட்டர் ஐலண்ட்’ படத்தைத் திரும்பவும் பார்த்தன். (பார்க்காத ஆக்கள் இதோட நிண்டுகொள்ளுங்கோ, முடிவெல்லாம் கீழை கிடக்கு.) துப்பறிய வந்த மார்ஷல் (அரசாங்கப் பொலிஸ்) எண்டு தன்னைச் சொல்லுற டெடி, உண்மையிலை அங்கத்தை நோயாளிதான் எண்டு படம் முடியுது. எனக்கெண்டால் அவன் உண்மையான மார்ஷல்தான். 1954, பொஸ்டன் துறைமுகத்துக்கு அங்காலை ஒரு விசர் ஆஸ்பத்திரித் தீவு. தலையிடிக்குக் குளிசை குடுக்கிறது ஆர்? சிகரெட் குடுக்கிறது ஆர்? துப்பறிய வந்தவனை உப்பிடி விசராக்கேலாதோ? குகைக்குள்ளை ஒளிச்சிருக்கிற டொக்டர் அதைத்தானே சொல்லுறா.

ஜம்பட்டா: அண்ணே, அந்தக் குகையில நெருப்பு எரியுதே, பாத்தீங்களா? நெருப்பு வர்ற எடமெல்லாம் அவன் மனசுல நடக்குறது. தண்ணிதான் நெசம். பிள்ளைங்க மூணும் ஏரியில செத்ததால தண்ணிய அவனால பாக்க ஏலாது. டெடி விசாரிக்கிற நோயாளி அம்மா தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிப் பாருங்க. கை வாய்க்குப் போகுது, கிளாஸ் இல்ல! அடுத்த ஷொட்ல வெறும் கிளாஸ மேசையில வைக்கிறா.

காலிவீதி: எடிட்டிங் பிழையாயிருக்கும்.

ஜம்பட்டா: தெல்மா ஸ்கூன்மேக்கர் வெட்டுன படம்ணே, நம்ம தெரு கல்யாண வீடியோ இல்ல! சரி, கேட்ல துவக்கக் கழட்டிக் குடுக்கத் தெரியாம, டெடி கூட வந்த மார்ஷல் சக் தடுமாறுறானே, அதுவும் பிழையா? நெசத்துல அவன்தான் டெடியோட டொக்டர். டெடியோட முழுப்பேரு எட்வர்ட் டேனியல்ஸ்; அத இங்கிலீஷ்ல எழுதி எழுத்த மாத்திப் போட்டா ஆண்ட்ரூ லேடிஸ், அதான் அவன் நெசப் பேரு.

காலிவீதி: அந்தப் பேருகளைப் பலகையிலை எழுதி வைச்சதே ஆஸ்பத்திரியின்ரை பெரிய டொக்டர்தானே! பேரைக் கலைச்சு அடுக்க அவருக்குத் தெரியாதோ?

ஜம்பட்டா: ஒங்களையும் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிறுவாங்க :)

பழைய_தாதி: தம்பி, அங்கொடைப் பகிடியை விடுங்கோ. மனநோய் வார்ட்டிலை கனகாலம் நிண்டவள் நான். அண்டைக்கு மூளையை வெட்டுறது பெரிய வைத்தியம். அதைத் தொடக்கின மோனிசுக்கு 1949இலை நோபல் பரிசும் குடுத்தவை. அமெரிக்காவிலை ஃப்றீமன் 1946இலேயே கண்குழியாலை கம்பி விட்டுச் செய்யத் தொடங்கீட்டார். குளோர்ப்ரோமசின் எண்ட மனநோய்க் குளிசை அங்கை வந்தது 1954இலை. கத்திக்கும் குளிசைக்கும் நடுவிலை, நோயாளியின்ரை கதையைக் கேட்டே சுகப்படுத்தலாம் எண்டு அந்தப் பெரிய டொக்டர் நிக்கிறார். முழு நாடகமும் டெடியை வெட்டவிடாமல் காப்பாற்றத்தான். தீவிலை கொண்டுபோய் வைக்கிறதும் கதைக்குச் சோடிச்சதில்லை, எங்கடை மட்டக்களப்பு வாவியிலை மாந்தீவு தொழுநோயாளருக்கு இருந்ததுதானே.

நீங்கள் ரெண்டுபேரும் கடைசியை விட்டிட்டியள். அவனுக்குக் கடைசியிலை சுகம். எல்லாம் ஞாபகம் வந்திட்டுது, அதைத் தாங்கேலாமல்தான் திரும்பவும் விசர்போல நடிக்கிறான். கெட்டவனாய் வாழுறதோ நல்லவனாய்ச் சாகிறதோ எண்டு சக்கிட்டைக் கேட்டிட்டு, மூளையை வெட்டக் கொண்டுபோக வந்தவையோடை எழும்பிப் போறான். பின்னாலை சக் “டெடி” எண்டு கூப்பிட, திரும்பிறானோ?

ஜம்பட்டா: அக்கா… இது எனக்குப் படவே இல்ல. நோய் திரும்பிருச்சுன்னுதான் நெனச்சேன்.

காலிவீதி: பொறுங்கோ, கடைசி அஞ்சு நிமிசத்தைப் போட்டுப் பார்க்கிறன்.

காலிவீதி: திரும்பேல்லைத்தான். தூரத்திலை போனவன், கேட்டிருக்காது. குகைக்காரிக்கு மறுமொழி சொல்லுங்கோ முதல்.