கரண்ட் போய் வந்தா மாடி லேப்டாப்ல பிரிண்ட் போகல

தங்கச்சிமடம்_தம்பி:
அண்ணன்மாரே, கீழ ஹால்ல விண்டோஸ் டெஸ்க்டாப், அதுல யூஎஸ்பி பிரிண்டர். மாடில அக்கா டியூஷன் எடுக்குறாங்க, அவங்க லேப்டாப்புக்கு அத ஷேர் பண்ணி குடுத்தேன், ரன்ல \\192.168.1.5 ன்னு அடிச்சு ஆட் பண்ணது. நல்லாத்தான் ஓடுது, ஆனா கரண்ட் போயிட்டு வந்தா ஆஃப்லைன்னு காட்டுது. இங்க காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே கரண்ட் நிக்காது, நேத்து மட்டும் மூணு தடவ. பிள்ளைங்கள உக்கார வச்சிட்டு அக்கா பென்டிரைவோட ஏறி எறங்குறத பாக்கவே கஷ்டமா இருக்கு. வைஃபை பிரிண்டர் வாங்க இப்ப வசதி இல்ல.

கீழக்கரை_பாய்:
தம்பி, அந்த 192.168.1.5 தான் டெஸ்க்டாப்போட ஐபி, நெட்வொர்க்ல அதோட விலாசம் மாதிரி. கடைசில இருக்குற 5 நிரந்தர நம்பர் இல்ல, ரவுட்டர் குடுக்குறது. கரண்ட் வந்து ரவுட்டர் ஆன் ஆகும்போது டெஸ்க்டாப்புக்கு வேற நம்பர் விழுந்திருக்கும், லேப்டாப் இன்னும் பழைய நம்பர்லயே தேடிட்டு இருக்கு. டெஸ்க்டாப்ல கமாண்ட் பிராம்ப்ட் தொறந்து ஐபிகான்ஃபிக் அடிச்சு பாருங்க, தெரிஞ்சிரும். ரவுட்டர் செட்டிங்ல டிஎச்சிபி ரிசர்வேஷன்னு இருக்கும், ஒரு மெஷினுக்கு எப்பவும் ஒரே நம்பர ஒதுக்குறது. அதுல டெஸ்க்டாப்போட மேக் அட்ரஸ (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) போட்டு 5ஐயே ஒதுக்கிருங்க. அது இல்லாத ரவுட்டர்னா ஐபிக்கு பதிலா கம்ப்யூட்டர் பேரப் போட்டு பிரிண்டர ஆட் பண்ணுங்க. நான் ரிசர்வேஷன்தான் சொல்லுவேன், பேர கண்டுபிடிக்கிறதுல விண்டோஸ் சில நேரம் தடுமாறும்.

மண்டபம்_அண்ணன்:
பாய் சொன்னது சரி. அதோட டெஸ்க்டாப் ஸ்லீப்புக்கு போனாலும் மாடிக்கு பிரிண்ட் வராது, ஸ்லீப்ப நெவர்ல வைங்க. பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்குற செட்டிங் பக்கம்) கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுற செட்டிங் இருந்தா அதையும் போட்டுருங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் கீழ ஓடி பட்டன அமுக்கணும். விண்டோஸ் செட்டிங்ல நெட்வொர்க் பப்ளிக்ல இருந்தா பிரைவேட்டுக்கு மாத்துங்க. ஒண்ணு மட்டும் கவனம் தம்பி, ஷேர் பிரிண்டர ஆட் பண்ணும்போது 11பி எரர் வந்தா ரிஜிஸ்ட்ரில (விண்டோஸோட உள் செட்டிங்) ஒரு வேல்யூவ 0 ஆக்க சொல்லுவாங்க, செய்யாதீங்க. 2021 செப்டம்பர் அப்டேட்ல பாதுகாப்புக்காக போட்ட பூட்டு அது, மொதல்ல ரெண்டு மெஷினையும் அப்டேட் பண்ணிப் பாருங்க.

தங்கச்சிமடம்_தம்பி:
பாய், நீங்க சொன்னதேதான்! டெஸ்க்டாப் 8க்கு போயிருந்துச்சு, 5 என் போன்கிட்ட இருந்துச்சு. ரிசர்வேஷன் போட்டு, ரவுட்டரையும் டெஸ்க்டாப்பையும் வேணும்னே ரெண்டு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தேன், மாடிலேர்ந்து குடுத்த வினாத்தாள் கீழ வந்து விழுந்துச்சு. பயாஸ் செட்டிங்க ராத்திரி பாக்குறேன் அண்ணே. அக்கா உங்க ரெண்டு பேருக்கும் நன்றி சொல்ல சொன்னாங்க.

மண்டபம்_அண்ணன்:
சந்தோஷம் தம்பி. கடல் பக்க ஜன்னல் ஓரமா பிரிண்டர வைக்காதீங்க, உப்புக்காத்துல யூஎஸ்பி முனை பச்சை புடிச்சிரும். ஒரு துணி போட்டு மூடி வைங்க.