வெள்ளக் காப்பீட்டுத் தள்ளுபடிக்காக நகர விதிகளைக் கடுமையாக்கலாமா?

ஓடைக்கரை எழுதியது:
ஹூஸ்டனுக்கு வெளியே உள்ள எங்கள் சிறுநகரத்தின் மன்றத்தில் அடுத்த மாதம் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. வெள்ளச் சமவெளியில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் தரைமட்டம், வெள்ள வரைபடம் காட்டும் நீர்மட்டத்தைவிட இரண்டடி உயரமாக இருக்க வேண்டும் என்பதும், ஓடையை ஒட்டிய காலிமனைகளை நகரமே வாங்கித் திறந்தவெளியாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். இதனால் சி.ஆர்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் சமூகத் தரமதிப்பீட்டுத் திட்டத்தில் நமது நகரம் 8-ஆம் வகுப்பிலிருந்து 6-ஆம் வகுப்புக்கு முன்னேற வாய்ப்புண்டு. கூட்டரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா 1990 முதல் நடத்திவரும் இத்திட்டத்தில் ஒவ்வொரு 500 புள்ளிக்கும் ஒரு வகுப்பு உயர்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும், கூட்டரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டின் பிரீமியத்தில் 5% குறைகிறது. முதல் வகுப்பை எட்டினால் தள்ளுபடி 45%. நமக்கு இப்போதுள்ள 10% தள்ளுபடி 20% ஆகும். ஆதரித்து வாக்களிக்குமாறு மன்ற உறுப்பினர்களுக்கு எழுதுங்கள் என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கர் எழுதியது:
நண்பரே, உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன்; கணக்கை ஏற்க முடியவில்லை. ஆண்டுக்கு 1,000 டாலர் பிரீமியம் உள்ளவருக்கு இந்த முன்னேற்றம் தருவது 100 டாலர்தான். பிரீமியத்துடன் வசூலிக்கப்படும் கூடுதல் கட்டணங்களுக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. தனியார் நிறுவனத்தில் வெள்ளக் காப்பீடு எடுத்தவருக்கு ஒரு காசும் மிஞ்சாது. ஆனால் மனை வாங்குவதற்கும், ஆண்டுதோறும் ஃபீமாவுக்கு ஆவணங்களைத் தயாரித்து அனுப்பும் அலுவலரின் சம்பளத்துக்கும் வரி கட்டப்போவது எல்லோரும்தான். இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. தள்ளுபடியால் குறையும் வருவாயை ஈடுகட்டுவதற்காக நாடு முழுவதற்குமான அடிப்படைக் கட்டணம் உயர்த்தியே கணக்கிடப்படுகிறது. அலுவலர் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஏழை ஊர்களின் மக்கள், வசதியுள்ள ஊர்களின் தள்ளுபடிக்குப் பணம் தருகிறார்கள். 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்த பிறகும் 2,000 கோடி டாலருக்கு மேல் கருவூலத்துக்குக் கடன்பட்டு நின்றது இந்தத் தேசியக் காப்பீட்டுத் திட்டம். அதற்குள் பணத்தை இடம் மாற்றுவதைச் சேமிப்பு என்று எப்படிச் சொல்வது?

புதுமனை எழுதியது:
நான் இன்னும் வீடு வாங்காதவன். தரைமட்டத்தை உயர்த்தினால் அதற்கான செலவு என் விலையில்தான் ஏறும், 100 டாலர் மிச்சப்படுவது ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்களுக்கு. இதை யாராவது பேசினால் நல்லது.

துல்சா தமிழன் எழுதியது:
விவாதம் 100 டாலரிலேயே நின்றுவிடுவது வருத்தமளிக்கிறது. ஓக்லஹோமாவின் துல்சா நகரம் 15 ஆண்டுகளில் ஒன்பது முறை கூட்டரசின் பேரிடர் அறிவிப்புக்கு ஆளான இடம். 1984 மே மாத இறுதியில் ஓர் இரவு பெய்த மழையில் மட்டும் 14 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நகரம் மழைநீர் நிர்வாகத்துக்கெனத் தனிக் கட்டணம் விதித்தது. மீண்டும் மீண்டும் மூழ்கிய வீடுகளை விலைகொடுத்து வாங்கி இடித்தது. இன்றுவரை அப்படி அகற்றப்பட்ட கட்டடங்கள் ஆயிரத்துக்கு மேல். மிங்கோ ஓடைப்பகுதிக்கு வந்து பாருங்கள். பெருமழையில் வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் பள்ளங்கள், மற்ற நாட்களில் பிள்ளைகள் கால்பந்து ஆடும் திடல்களாக இருக்கின்றன. அந்த நகரம் இன்று முதல் வகுப்பில் இருக்கிறது. தள்ளுபடியை எண்ணி எவரும் அந்த வேலையைத் தொடங்கவில்லை. சாவுகளை நிறுத்தத் தொடங்கிய வேலைக்குத் தள்ளுபடி பின்னால் வந்து சேர்ந்தது. உங்கள் ஊரில் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதற்காக வேலையே வேண்டாம் என்று சொல்வது சரியா, கணக்கர் அவர்களே?

கணக்கர் எழுதியது:
துல்சாவை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘ரிஸ்க் ரேட்டிங் 2.0’ என்ற ஃபீமாவின் புதிய கட்டண முறை வந்தபின் நிலைமை மாறிவிட்டது. 2021 அக்டோபர் முதல் புதிய பாலிசிகளுக்கும், 2022 ஏப்ரல் முதல் புதுப்பித்தல்களுக்கும் ஒவ்வொரு வீட்டின் முதல் தளத்தின் உயரம், நீர்நிலையிலிருந்து அதன் தூரம், மறுகட்டுமானச் செலவு ஆகியவற்றைப் பார்த்தே கட்டணம் வகுக்கிறார்கள். வீட்டை உயர்த்திக் கட்டியவருக்கு அந்தப் பலன் தன் கட்டணத்திலேயே கிடைக்கும்போது, நகரம் கட்டாயப்படுத்த வேண்டிய அவசியம் என்ன?

ஓடைக்கரை எழுதியது:
அவசியம் இதுதான். மண் கொட்டி மேடாக்கிய மனையில் ஒருவர் வீட்டை உயர்த்தினால் அவர் தப்புவார். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய நீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். தனித்தனி வீட்டின் கட்டணத்தில் இந்தப் பாதிப்பு தெரியாது. அதைத் தடுக்க நகர விதியும், நீர் பரவத் திறந்தவெளியும் வேண்டும். 2017-இல் ஹார்வி புயலின்போது ஹாரிஸ் மாவட்டத்தில் மூழ்கிய வீடுகளில் பெரும்பகுதி, வரைபடத்தில் நூறாண்டு வெள்ள எல்லைக்கு (எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் எட்டும் எல்லை) வெளியே இருந்தவை. அந்த எல்லைக்கு வெளியே வீட்டுக்கடன் தருபவர்கள் காப்பீட்டைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதால் பலரிடம் காப்பீடே இல்லை. இப்போது சி.ஆர்.எஸ். தள்ளுபடி எல்லைக்கு உள்ளே, வெளியே என்ற வேறுபாடில்லாமல் ஊர் முழுவதற்கும் ஒரே விகிதத்தில் கிடைக்கிறது; காப்பீடு எடுக்கத் தயங்குகிறவர்களிடம் பேச நமக்கு அது உதவும். ஹார்விக்குப் பிறகு ஹூஸ்டன் நகர மன்றமே, ஐந்நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் இரண்டடி என்ற விதியை 2018-இல் 9-க்கு 7 என்ற வாக்கில் நிறைவேற்றியது. வீடுகட்டும் நிறுவனங்கள் சொன்ன விலையேற்றக் கவலை அங்கும் எழுந்தது. புதுமனை அவர்களே, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் வெள்ளத்தில் மூழ்கும் முதல் வீட்டுக்கு நீங்கள் கட்டப்போகும் விலை அதைவிடப் பெரியது. தேசியத் திட்டம் ஒரு வீட்டுக் கட்டடத்துக்குத் தரும் உச்ச இழப்பீடே 2,50,000 டாலர்தான்.

துல்சா தமிழன் எழுதியது:
ஒன்றைச் சேர்க்கிறேன். விதியை எழுதி வைத்துவிட்டு அமல்படுத்தாமல் இருந்தால் தள்ளுபடி நிலைக்காது. இயான் புயலுக்குப் பிறகு, சேதமடைந்த வீடுகளில் அனுமதியில்லாத மராமத்து வேலைகள் நடந்ததைக் காரணம் காட்டி, புளோரிடாவின் லீ மாவட்டத்துக்கும் அதன் சில நகரங்களுக்கும் 25% தள்ளுபடியைப் பறிக்கப்போவதாக 2024-இல் ஃபீமா அறிவித்தது. பெரும்பாலான ஊர்கள் பிறகு அதைத் தக்கவைத்துக்கொண்டன. ஃபோர்ட் மையர்ஸ் பீச் இழந்தது.

கணக்கர் எழுதியது:
பக்கத்துத் தெருவுக்கு நீர் போகும் என்ற வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. தனித்தனிக் கட்டணத்தால் அதைச் சரிசெய்ய முடியாதுதான். ஆகவே உயர விதியையும் திறந்தவெளியையும் ஆதரித்து எழுதுகிறேன். ஆனால் என் கடிதத்தில் தள்ளுபடி என்ற சொல் இருக்காது. ஏழை ஊர்கள் நம் தள்ளுபடிக்குப் பணம் தருகின்றன என்ற என் குற்றச்சாட்டுக்கு இந்த இழையில் யாரும் பதில் சொல்லவில்லை. மனைகளை வாங்கும் செலவை ஓடையை நிரப்பி லாபம் பார்த்த கட்டுநர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் கேட்கப்போகிறேன். அந்தப் பகுதியில் நாம் உடன்பட மாட்டோம் என்று நினைக்கிறேன்.

ஓடைக்கரை எழுதியது:
உடன்படுகிறேன், நண்பரே. ஏழை ஊர்கள் குறித்த உங்கள் குற்றச்சாட்டும் உண்மைதான். அதற்கான திருத்தத்தை நகர மன்றத்தால் செய்ய முடியாது, காங்கிரஸ்தான் செய்ய வேண்டும். கட்டுநர் கட்டணம் பற்றிய வரியை என் கடிதத்திலும் சேர்த்துவிட்டேன். நகல் வேண்டுவோர் தனிமடலில் கேளுங்கள்.