ரெண்டர் ஃபார்ம்: பெரிய சர்வர் சிலவா, சின்னப் பெட்டிகள் பலவா?

நிழல்கோடு:
வணக்கம். படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் (ரெண்டர்) கணினிக் கூட்டம் ஒன்று, அதாவது ரெண்டர் ஃபார்ம், அமைக்க வேண்டும். 11 நிமிட எபிசோடுகள் கொண்ட 3டி தொடர். 1080பி, நொடிக்கு 24 ஃபிரேம். பாதி ஷாட்களுக்கு பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரர், மீதிக்கு மாயாவில் ஆர்னால்ட் ரெண்டரர். இப்போது கையில் இருக்கும் 16 கோர் ரைசன் 7950எக்ஸ் பிராசசர் பெட்டியில் ஃபிரேமுக்குச் சராசரி 12 நிமிடம். எபிசோடுக்கு இரண்டு வாரம்தான் அவகாசம். இதே பெட்டிகளை நிறைய வாங்கலாமா, 96 கோர் எபிக் 9654 சர்வருக்குப் போகலாமா, இல்லை ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டுகளா (ஜிபியு)?

வாட்கணக்கு:
முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். 11 × 60 × 24 = 15,840 ஃபிரேம். 12 நிமிடம் வீதம் 3,168 மணி நேரம். திருத்தம், லைட்டிங் மாற்றம், கெட்டுப்போன ஃபிரேம் எல்லாவற்றுக்கும் பாதி கூட்டினால் 4,752. ஒரு பெட்டி நாளுக்கு 20 மணி நேரம் உழைத்தால் 14 நாளில் 280. ஆக 17 பெட்டிகள்.

எபிக்கில் கோர் ஆறு மடங்கு என்பதற்காக வேகமும் ஆறு மடங்கு வராது. அடிப்படைக் கடிகாரம் அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ், ரைசனில் 4.5. சீனை லோட் செய்யும் நேரத்தில் பெரும்பாலான கோர்கள் சும்மா இருக்கும்; அதைத் தவிர்க்க ஒரே நேரத்தில் இரண்டு ஃபிரேம் ஓட்டுவார்கள், அப்போது ரேமும் இரட்டிப்பாக வேண்டும். 12 மெமரி சேனலையும் (பிராசசரை ரேமுடன் இணைக்கும் பாதைகள்) ரேமால் நிரப்பாமல் வாங்கினால் அந்தக் காசு வீண். ஆனால் ஆர்னால்ட் லைசென்ஸ் இயந்திரத்துக்கு ஒன்று. கோர் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. எனவே ஆர்னால்டுக்கு எபிக் ஒன்றிரண்டு, பிளெண்டருக்கு ரைசன் என்று பிரிப்பதே என் யோசனை.

ரைசனில் நான்கு ரேம் குச்சி போடாதீர்கள். தயாரிப்பாளர் ஏஎம்டி சொல்லும் ரேம் வேகம் இரண்டு குச்சிக்கு டிடிஆர்5-5200, நான்குக்கு டிடிஆர்5-3600. 48 ஜிபி இரண்டு போதும்.

கதிர்வீச்சு:
4090-இல் சைக்கிள்ஸ் பறக்கும், சீன் கார்டின் 24 ஜிபி மெமரிக்குள் அடங்கும் வரை. இரண்டு கார்டு போட்டால் 48 ஆகிவிடாது. ஒவ்வொன்றும் சீனை முழுசாக ஏற்றிக்கொள்ளும், கார்டுகளை நேரடியாக இணைக்கும் என்விலிங்க்கும் 4090-இல் இல்லை. மீறினால் சிஸ்டம் ரேமுக்கு வழிந்து ஊர்ந்து போகும், அல்லது ஃபிரேம் செத்துவிடும். முடி, புல், 4கே டெக்ஸ்சர் சேர்ந்த உங்கள் மிகக் கனமான ஷாட்டைத்தான் சோதிக்க வேண்டும், சராசரி ஷாட்டை அல்ல. ரெண்டர் முடிவில் காட்டும் பீக் மெமரி 18 ஜிபியைத் தாண்டினால் 48 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 6000 ஏடாவைப் பாருங்கள்: 300 வாட், இரண்டு ஸ்லாட், காற்றைப் பின்பக்கமாக வெளியே தள்ளும். 4090 450 வாட், பெரும்பாலும் மூன்று ஸ்லாட்டுக்கு மேல். ரேக்கில் நான்கை அடுக்க நினைக்கவே வேண்டாம். 4090-இன் பவர் கனெக்டரை முழுசாக அழுத்திச் செருகாவிட்டால் உருகக்கூடும்.

சேமிப்பறை:
எல்லோரும் பிராசசரைப் பேசுகிறீர்கள். ஃபார்ம் முதலில் திணறும் இடம் நெட்வொர்க். 17 பெட்டிகள் ஒரே ஷாட்டைத் தொடங்கி, ஆளுக்கு 15 ஜிபி டெக்ஸ்சரும் கேஷும் (முன்பே கணக்கிட்டுச் சேமித்த அசைவுத் தரவு) இழுத்தால் 255 ஜிபி. ஃபைல் சர்வரில் 1 ஜிகாபிட் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை சிபியு வேலையில்லாமல் நிற்கும். சர்வருக்கு 10 ஜிகாபிட் கொடுங்கள், பெட்டிகளுக்கு 2.5 போதும். ஒவ்வொன்றிலும் 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) வைத்து டெக்ஸ்சரை அங்கேயே தேக்குங்கள். ஆர்னால்டுக்கு .டிஎக்ஸ் கோப்புகளை (அது படிக்க ஏற்றபடி மாற்றிய டெக்ஸ்சர்கள்) முன்கூட்டியே உருவாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பல நோடுகள் (ரெண்டர் பெட்டிகள்) ஒரே கோப்பை எழுதப் போட்டி போடும்.

பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேம் ஃபைல் சர்வரில் கட்டாயம். நோடில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஃபிரேம் கெட்டால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

வாட்கணக்கு:
வெப்பத்தை விட்டுவிட்டேன். பெட்டிக்கு 300 வாட் என்றால் 17-க்கு 5.1 கிலோவாட், ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் வெப்பத்தைத்தான் இழுக்கும். ஒன்றரை டன் விளிம்பில் நிற்கும். ஒன்றரை டன்னில் இரண்டு போட்டால், ஒன்று பழுதானாலும் மற்றது தாக்குப்பிடிக்கும். ரைசன் பெட்டிகளின் பயாஸில் 105 வாட் ஈகோ மோடை (மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பு) இயக்குங்கள்: சிபியுவின் உச்சம் 230-லிருந்து 142 வாட்டாக இறங்கும், வேக இழப்பு அதற்கு ஈடாக இராது.

நிழல்கோடு:
ஆர்னால்டில் ஒரே ஷாட்டைப் பாதி சிபியு, பாதி ஜிபியு என்று பிரிக்கலாமா?

கதிர்வீச்சு:
வேண்டாம். இரண்டும் ஒரே படத்தைத் தராது. நாய்ஸ் (படத்தின் புள்ளி இரைச்சல்) மாறும், சில ஷேடர்களும் (பரப்பின் தோற்ற அமைப்புகள்) வேறுபடும், ஃபிரேம்கள் மாறும் இடத்தில் படம் துடிக்கும். ஷாட்டுக்கு ஒரு வகை நோடு, ஒரே ரெண்டரர் வெர்ஷன், ஜிபியு என்றால் ஒரே டிரைவர். பெட்டிகளுக்கு ஃபிரேம்களைப் பங்கிடும் கியூ மென்பொருளில் சிபியு, ஜிபியு இரண்டையும் தனித்தனிக் குழுவாகப் பிரித்துவிடுங்கள்.