அந்த ஆண்டின் 50,000 மீட்டர்

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து:

வணக்கம். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் நடை, இத்தனை மீட்டர் ஏற்றம் என்று இலக்கு வைத்துக்கொண்டு மலையேறுகிறவர்கள் நம்மில் பலர் இருப்பதால், 2023-ஆம் ஆண்டில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். அந்த ஆண்டு ஜனவரி முதல் நாளில் நான் வகுத்துக்கொண்ட இலக்கு 1,000 கிலோமீட்டர் நடையும் 50,000 மீட்டர் ஏற்றமும் ஆகும். வாரத்திற்கு 19 கிலோமீட்டரும் 960 மீட்டரும் வரும். கிலோமீட்டர் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. எந்தப் பாதையில் போவது என்பதை ஏற்றக் கணக்குதான் தீர்மானிக்கத் தொடங்கியது.

பினாங்கு மலையை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தாவரவியல் பூங்காவின் வாசலிலிருந்து உச்சிக்குப் போகும் ஜீப் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம். அதற்குள் சுமார் 700 மீட்டர் உயரம் ஏறிவிடலாம். தளம் போட்ட சாலை என்பதால் வேர் தடுக்காது, வழி தவறாது, தலையைக் குனிந்துகொண்டு ஏறிக்கொண்டே இருக்கலாம். பூங்காவுக்குப் போகும் சாலையோரத்தில் இருக்கும் மூன் கேட்டின் வட்ட வாயில் வழியாகத் தொடங்கும் காட்டுப் பாதை அப்படியல்ல. அங்கே மழைக்குப் பிறகு மண் வழுக்கும், ஏறிய உயரத்தில் கொஞ்சத்தை இறங்கித் தொலைக்கவும் நேரும், ஒரு மணி நேரத்திற்கு இத்தனை மீட்டர் என்று பார்த்தால் ஜீப் பாதைக்கு ஈடாகாது. மார்ச் மாதத்திற்குள் நான் மூன் கேட் பக்கம் போவதே நின்றுவிட்டது. போகக்கூடாது என்று நான் ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. ஞாயிறு தோறும் விடியற்காலையில் காலணிக் கயிற்றைக் கட்டும்போது மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடும், அதில் ஜீப் பாதையே வெல்லும்.

ஜூலையில் ஒரு நாள், என் தந்தையின் நண்பர், 71 வயதுக்காரர், நான் மாமா என்று அழைப்பவர், தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு தடவை என்னோடு மூன் கேட் வழியா வாப்பா, ரொம்ப நாளாச்சு" என்றார். அவர் நாற்பது ஆண்டுகளாக அந்தப் பாதையில் நடக்கிறவர், ஆனால் எத்தனை முறை ஏறினார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அன்று ஐந்தாம் நிலையம் என்ற ஓய்விடத்துக்குச் சற்றுக் கீழே, பாதை இடப்புறம் திரும்பும் ஓரிடத்தில் அவர் நின்று, பின்னால் வந்த என்னை நோக்கிக் கையை உயர்த்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "மாமா, மேலே போய் நிற்கலாமே" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி நடந்தேன்.

அவர் வந்து சேரக் கால் மணி நேரத்திற்கு மேலாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் சொன்னார். லோத்தோங் கூட்டம் ஒன்று மரத்தில் இருந்ததாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் கரும்சாம்பல் உடலும் கொண்ட அந்த இலைக்குரங்குகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு தாயின் மடியில் பிறந்து சில நாளே ஆன குட்டி ஒன்று இருந்திருக்கிறது. இந்த இனத்தின் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மாறித் தாயைப் போலச் சாம்பலாகிவிடும். "மஞ்சள் பூசிக் குளிப்பாட்டின பிள்ளை மாதிரி இருந்துச்சுப்பா. தாய் அதோட தலையை விரலால விலக்கி விலக்கிப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு" என்றார். நான் நின்றிருந்தால் பார்த்திருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் இன்றும் உறுத்துகிறது.

அடுத்த வாரமே போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் ஆண்டின் பாதி கடந்தும் என் கணக்கில் 2,900 மீட்டர் பின்தங்கியிருந்ததால் ஜீப் பாதைக்கே போனேன். அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் அந்தத் திருப்பத்துக்கு வந்தேன். கூட்டம் இருந்தது. ஒரு சிறிய குட்டியும் இருந்தது, அதே குட்டியா என்று தெரியாது. வால் நுனிவரை சாம்பல் நிறம்.

டிசம்பர் 31 அன்று இரண்டு முறை ஏறி 50,012 மீட்டரில் இலக்கை முடித்தேன். அதில் மகிழ்ச்சி இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ஆண்டில் ஏறிய எழுபதுக்கும் மேற்பட்ட ஏற்றங்களில் ஒன்றையாவது மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்லுமாறு கேட்டால், மாமாவோடு போன நாளைத் தவிர எதுவும் நினைவுக்கு வருவதில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலிலிருந்து:

தம்பி எழுதியதைப் படித்தேன், அந்தக் குட்டியை நினைத்து எனக்கும் வருத்தமாக இருந்தது. ஆனால் எண்ணுக்கு ஆதரவாகவும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கு நீரிழிவு என்று மருத்துவர் சொன்னபோது, காட்டின் அழகுக்காக நான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க மாட்டேன். எனக்குக் காடு என்றால் பயம், அட்டை என்றால் அதைவிடப் பயம். சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில், புக்கிட் கியாரா குன்றுக்குப் போன நாளில் எல்லாம் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுவது என்று வைத்துக்கொண்டேன். வாரத்தில் மூன்று வட்டம், ஆண்டுக்கு 150. மழை தூறும் காலைகளில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்த வட்டமே தவிர வேறொன்றுமில்லை. மூன்றாம் மாதத்தில்தான் நான் தலையை நிமிர்த்தி மரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். இன்று அங்கே எந்தத் திருப்பத்தில் எந்த மரம் எப்போது பூக்கும் என்று சொல்வேன். எண் இல்லாவிட்டால் நான் அந்தத் திருப்பம்வரை போயிருக்கவே மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லலாம். நான் எண்ணியது நாள்களை, மீட்டரை அல்ல. நாளை எண்ணுகிறவருக்கு அன்று மெதுவாக நடந்தாலும் நின்று பார்த்தாலும் கணக்கில் எதுவும் குறைவதில்லை. நாம் எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரு நாளைக்கு 10,000 காலடி என்ற கணக்குகூட, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியதுதான். 'மான்போ கெய்' என்றால் பத்தாயிரம் காலடி மானி என்று பொருள். எண் நம்மைக் கிளப்பிவிட்டால் போதும், அதன் பிறப்பை ஆராய வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கோலாலம்பூர், செராஸிலிருந்து:

அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஏற்றக் கணக்கின் நம்பகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கடிகாரம் காட்டும் மீட்டரைத் தராசு காட்டும் எடையைப் போல நம்புகிறார்கள்.

இப்போதைய மலையேற்றக் கடிகாரங்களில் பல காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அளக்கின்றன. கடல் மட்டத்துக்கு அருகில் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ஆனால் நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறவர்களுக்கு, நாம் எங்கும் ஏறாமலே அழுத்தம் அன்றாடம் ஏறி இறங்குகிறது: காலை 10 மணியளவில் உச்சத்திலும் மாலை 4 மணியளவில் தாழ்விலும் இருக்கும், வித்தியாசம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடிகாரத்தை உணவு மேசைமீது வைத்துவிட்டுப் பார்த்தேன். மாலைக்குள் அந்த மேசை 20 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டதாக அது காட்டியது. தம்பி 50,012 என்று எழுதியதைப் படித்தபோது அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

எனக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமையானது. 1,493 மீட்டர் உயரமுள்ள குனோங் நுவாங் ஒரே நாளில் 1,200 மீட்டருக்கு மேல் தரும் என்பதால், ஆண்டுக் கடைசியில் நான் தனியாக அங்கே போனேன். அடிவாரத்திலிருந்து போகும் அந்த நீண்ட மண் சாலையிலேயே கால் தளர்ந்துவிட்டது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும் என்று ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இலேயே எழுதிவைத்த விதி எனக்குத் தெரியும், ஆனால் அதில் ஓய்வு நேரம் சேராது என்பதை நினைவில் வைக்கவில்லை. பிற்பகல் 2 மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான், எண்ணை விடக்கூடாது என்று 3 மணிவரை ஏறினேன். இறங்கும்போது இடி முழங்கியது, இருள் கவிந்தது, தலைவிளக்கின் மின்கலம் மங்கியது. கடைசி ஒரு மணி நேரம் முழங்காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நடந்தேன். வீட்டு வாசலில் நின்றிருந்த மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு, இனி ஆண்டுக் கடைசியில் கணக்கை நேர்செய்ய மலைக்குப் போவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஆயர் ஈத்தாமிலிருந்து மீண்டும்:

மேசையின் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். நான் மாமாவைத் தாண்டிப் போனது எத்தனை மீட்டருக்காக என்று இப்போது நினைத்துப் பார்க்கவும் தயக்கமாக இருக்கிறது. அக்கா சொன்ன வழியை எடுத்துக்கொண்டேன். இந்த ஆண்டு ஏற்றத்துக்கு இலக்கு இல்லை. 80 நாள் மலைக்குப் போவது, அதில் பாதியாவது காட்டுப் பாதையில் என்று மட்டும் வைத்திருக்கிறேன். கிலோமீட்டரைக் கடிகாரம் எழுதிக்கொள்கிறது, நான் நோட்டுப் புத்தகத்தில் அந்த நாளுக்கு ஒரு வரி எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு மாமாவோடு போனேன். அவருக்கு இப்போது இடக்கால் சரியாக ஊன்றுவதில்லை, வேர்கள் உயர்ந்த இடங்களில் என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். அந்தத் திருப்பத்தில் நாற்பது நிமிடம் நின்றோம். சில்வண்டுகளின் இரைச்சலுக்கு நடுவே கிளை அசைகிற ஒலியை அவர்தான் முதலில் கேட்டார். நோட்டில் அன்றைய வரி: "மூன் கேட், மாமாவோடு, 4.6 கி.மீ., லோத்தோங் ஏழு, குட்டி இல்லை, மறுபடியும் வர வேண்டும்."